டீசலா, பெட்ரோலா? எக்ஸெல்லிடம் கேட்டுப் பார்ப்போம்!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பாட்டுக் கேட்கிறோம், படம் பார்க்கிறோம், பிள்ளைகள் கேம்ஸ் விளையாடுகிறார்கள். எக்ஸெல்லை மட்டும் பலரும் திறந்து பார்த்துவிட்டு, வெறும் கட்டம் கட்டமாக இருக்கிறதே என்று மூடிவிடுகிறார்கள். அது அலுவலகக் கணக்கருக்கு உரியது, வீட்டில் நமக்கு எதற்கு என்ற எண்ணம்தான் காரணம். லட்சக்கணக்கில் பணம் போட்டு ஒரு முடிவு எடுக்க வேண்டிய நேரத்தில், வீட்டுக்கு அதைவிடப் பயனுள்ள புரோகிராம் வேறு இல்லை என்பேன். இந்த மாதப் பாடத்தில் அப்படி ஒரு முடிவை எடுத்துக்கொள்வோம்: பழைய கார் வாங்கும்போது டீசல் வண்டியா, பெட்ரோல் வண்டியா?

"டீசல் இன்ஜின்தான் நீடித்து உழைக்கும்" என்று ஒர்க்‌ஷாப்பிலும் டீக்கடையிலும் சொல்வார்கள். அது உண்மையா? உண்மை என்றால், அந்த உழைப்பு நமக்குப் பயன்படுமா? முதல் கேள்விக்கு இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால் போதும். இரண்டாவது கேள்விக்குத்தான் எக்ஸெல் தேவை. எக்ஸெல் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமிலும் இந்தப் பாடம் அப்படியே வேலை செய்யும்.

முதலில் இன்ஜின் பாடம்

பெட்ரோல் இன்ஜினில் காற்றும் பெட்ரோலும் கலந்து, அழுத்தப்பட்டு, ஸ்பார்க் பிளக்கின் பொறியால் எரிகின்றன. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, கடுமையாக அழுத்துவார்கள். அழுத்த அழுத்தக் காற்று 500 டிகிரிக்கும் மேல் சூடாகிவிடும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சியதும் அது தானாகவே பற்றிக்கொள்ளும். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1897இல் ருடால்ஃப் டீசல் ஓட்டிக்காட்டிய இன்ஜினின் அடிப்படை இதுதான்.

பெட்ரோல் இன்ஜின் கலவையைச் சுமார் பத்தில் ஒரு பங்காகச் சுருக்குகிறது. டீசல் இன்ஜினோ காற்றைப் பதினைந்தில் ஒரு பங்கு முதல் இருபதில் ஒரு பங்கு வரை சுருக்குகிறது. இந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டுமே! அதனால் பிளாக், பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க் ஷாஃப்ட் எல்லாவற்றையும் கனமாகச் செய்கிறார்கள். டீசல் இன்ஜின் மெதுவாகவும் சுற்றும். போதாததற்கு, டீசலுக்கே கொஞ்சம் எண்ணெய்த்தன்மை உண்டு. பெட்ரோலோ, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவிவிடும் குணம் கொண்டது.

ஆக, டீசலின் நல்ல பெயருக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயர் வந்தது பம்புசெட், டிராக்டர், லாரி இன்ஜின்களால். லிஸ்டர் வகைப் பம்புசெட் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 650 சுற்றுதான் சுற்றும். கட்டமைப்பும் எளிது. கார்களுக்கு வந்த புதிய டீசல் இன்ஜின் அப்படி அல்ல. அதில் டர்போ உண்டு. ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் காமன் ரெயில் பம்பும் இன்ஜெக்டர்களும் உண்டு. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் விற்கப்பட்ட டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டரும் சேர்ந்துகொண்டது. இன்ஜினின் இரும்பு நீடிக்கும். அதைச் சுற்றியுள்ள இந்தப் பாகங்களும் அதே அளவு நீடிக்கும் என்று சொல்ல முடியாது. அவற்றின் விலையும் அதிகம்.

யாருக்காக இந்தக் கணக்கு?

என் மைத்துனர் பள்ளி ஆசிரியர். வீட்டிலிருந்து பள்ளி 8 கிலோமீட்டர். அவருடைய தம்பி பனியன் கம்பெனிக்கு ஆர்டர் பிடிப்பவர். மாதத்தில் பாதி நாள் வெளியூரில்தான் இருப்பார். இருவரும் சேமிப்பை எடுத்து ஆளுக்கொரு பழைய கார் வாங்க நினைத்தார்கள். இருவரும் பார்த்து வைத்திருந்தது மாருதி ஸ்விஃப்ட். "மாப்பிள்ளை, டீசல் வண்டின்னா கடைசி வரைக்கும் உழைக்குமாம். அம்பதாயிரம் அதிகம் போனாலும் பரவாயில்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?" என்று மைத்துனர் கேட்டார். "நான் சொல்வது இருக்கட்டும் மச்சான், வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீங்க?" என்று நான் கேட்டேன். பள்ளி, கோயில், ஊர்ப் பயணம் எல்லாம் சேர்த்து 6,000 என்றார். தம்பியின் கணக்கு மாதம் 2,000, அதாவது ஆண்டுக்கு 24,000.

ஒப்பிட்டுப் பார்க்க ஸ்விஃப்ட் வசதியான வண்டி. ஒரே உடம்பில் இரண்டு இன்ஜினும் வந்தன. ஃபியட் வடிவமைத்த 1,248 சி.சி. டீசல் இன்ஜின் இந்தியாவில் ஸ்விஃப்டுக்கு 2007இல் வந்தது. 1,197 சி.சி. கே சீரிஸ் பெட்ரோல் இன்ஜின் 2010இல் வந்தது. மாருதி 2020இல் டீசல் கார் தயாரிப்பை நிறுத்திவிட்டதால், டீசல் ஸ்விஃப்ட் வேண்டுமென்றால் பழைய வண்டிதான்.

ஷீட்டைத் தயார் செய்வோம்

எக்ஸெல்லைத் திறந்து புதிய ஷீட் ஒன்றை எடுங்கள். மேலே ஏ, பி, சி என்று ஆங்கில எழுத்துகளில் வரிசையாக இருப்பவை காலம். இடதுபுறம் 1, 2, 3 என்று இருப்பவை ரோ. இரண்டும் சந்திக்கும் கட்டம் செல். பி காலமும் 4ஆவது ரோவும் சந்திக்கும் செல்லின் பெயர் பி4.

ஏ1இல் "விவரம்", பி1இல் "பெட்ரோல்", சி1இல் "டீசல்" என்று தலைப்புக் கொடுங்கள். பிறகு ஏ காலத்தில் கீழ்க்கண்டவற்றை ஒவ்வொரு ரோவாகத் தட்டுங்கள்:

2. ஸ்ட்ரோக் (மி.மீ.)
3. 60 கி.மீ. வேகத்தில் நிமிடச் சுற்று
4. ஆண்டுக்கு ஓடும் கி.மீ.
5. வைத்திருக்கும் ஆண்டுகள்
6. மொத்த கி.மீ.
7. மொத்தச் சுற்று
8. பிஸ்டன் நகரும் தூரம் (கி.மீ.)
9. இன்ஜின் வேலை வரும் வரை (கி.மீ.)
10. மீட்டரில் ஏற்கனவே ஓடியது
11. மீதி கி.மீ.
12. மீதி ஆண்டுகள்
13. வண்டி விலை
14. எரிபொருள் விலை (லிட்டர்)
15. மைலேஜ்
16. மொத்த எரிபொருள் செலவு
17. ஆண்டுச் சர்வீஸ் செலவு
18. ஒரு பெரிய ரிப்பேர்
19. மொத்தச் செலவு
20. வித்தியாசம்

எழுத்துகள் அடுத்த செல்லுக்குள் ஓடுகின்றனவா? ஏ, பி எழுத்துகளுக்கு இடையே உள்ள கோட்டின் மேல் மவுஸை வைத்து டபுள் கிளிக் செய்யுங்கள். காலம் தானாக அகலமாகிவிடும். எண்களுக்குப் பதில் வரிசையாக வேலிக்குறிகள் தெரிந்தாலும் இதே வைத்தியம்தான்.

எண்களை நிரப்புவோம்

எண்ணைத் தட்டும்போது எண்ணை மட்டும் தட்டுங்கள். "ரூ." என்றோ "கி.மீ." என்றோ சேர்த்தால் எக்ஸெல் அதை எழுத்து என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போட மறுக்கும். கமாவும் வேண்டாம்.

2ஆவது ரோ: பி2இல் 71.5, சி2இல் 82. பிஸ்டன் ஒருமுறை மேலிருந்து கீழே வரும் தூரம் இது. இவை அந்த இரண்டு இன்ஜின்களின் உண்மையான அளவுகள்.

3ஆவது ரோ: பி3இல் 2000, சி3இல் 1600. இவை உதாரணத்துக்கு நான் போட்டவை. வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது சரியாக 60 கிலோமீட்டர் வேகத்தில் ஆர்.பி.எம். மீட்டரைப் பார்த்து உங்கள் எண்ணைப் போடுங்கள். ஏன் 60? அந்த வேகத்தில் ஒரு நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் ஓடும். ஆகவே மீட்டர் காட்டும் நிமிடச் சுற்றுதான் ஒரு கிலோமீட்டருக்கான சுற்றும்.

4, 5ஆவது ரோக்கள்: பி4இல் 6000, பி5இல் 5. சி4இல் எண் தட்ட வேண்டாம். சமக்குறி (=) தட்டி, மவுஸால் பி4ஐக் கிளிக் செய்து, என்டர் தட்டுங்கள். இனி பி4இல் என்ன மாற்றினாலும் சி4 தானாக மாறும். சி5இலும் இப்படியே பி5ஐக் கொண்டுவாருங்கள்.

9ஆவது ரோ: பி9இல் 200000, சி9இல் 300000. இது என் அனுமானம்தான். பராமரிப்பைப் பொறுத்து மிகவும் மாறும். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

10ஆவது ரோ: பி10இல் 50000, சி10இல் 110000. டீசல் வண்டியை முதலில் வாங்கியவர் பெரும்பாலும் நிறைய ஓட்டுபவராகத்தான் இருப்பார். அதனால்தான் இந்த வித்தியாசம் வைத்திருக்கிறேன்.

13 முதல் 18 வரை, பி, சி வரிசையில்: விலை 400000, 450000. எரிபொருள் 100, 92. மைலேஜ் 15, 20. சர்வீஸ் 8000, 12000. பெரிய ரிப்பேர் 10000, 40000. 16ஆவது ரோவை மட்டும் காலியாக விடுங்கள். இவையும் உதாரணங்களே. பங்கில் இன்றுள்ள விலையையும், உங்கள் ஊர் ஒர்க்‌ஷாப் சொல்லும் தொகையையும் நீங்கள் போட வேண்டும்.

இப்போது ஃபார்முலா

ஃபார்முலா எப்போதும் சமக்குறியில் தொடங்கும். செல் பெயரை நீங்கள் தட்ட வேண்டியதில்லை. அந்தச் செல்லைக் கிளிக் செய்தால் எக்ஸெல்லே பெயரை எழுதிக்கொள்ளும். பெருக்கலுக்கு நட்சத்திரக்குறி (*), வகுத்தலுக்குச் சாய்கோடு (/).

பி6: சமக்குறி, பி4, நட்சத்திரம், பி5, என்டர். விடை 30000.

பி7: சமக்குறி, பி3, நட்சத்திரம், பி6, என்டர். விடை ஆறு கோடி.

பி8: சமக்குறி, பி7, நட்சத்திரம், பி2, நட்சத்திரம், 2, சாய்கோடு, 1000000, என்டர். ஒரு சுற்றில் பிஸ்டன் ஒருமுறை கீழே வந்து ஒருமுறை மேலே போவதால் இரண்டால் பெருக்குகிறோம். மில்லிமீட்டரைக் கிலோமீட்டராக்கப் பத்து லட்சத்தால் வகுக்கிறோம்.

பி11: பி9இலிருந்து பி10ஐக் கழியுங்கள். பி12: பி11ஐ பி4ஆல் வகுங்கள். பி16: பி14ஐ பி15ஆல் வகுத்து பி6ஆல் பெருக்குங்கள்.

பி19: சமக்குறி, பி13, கூட்டல், பி16, கூட்டல், பி17, நட்சத்திரம், பி5, கூட்டல், பி18, என்டர். பெருக்கலை முதலில் முடித்துவிட்டுத்தான் எக்ஸெல் கூட்டும். அதனால் அடைப்புக்குறி தேவையில்லை.

டீசல் காலத்துக்கு இதையெல்லாம் மறுபடி தட்ட வேண்டுமா? வேண்டாம். பி6ஐக் கிளிக் செய்தால் அந்தக் கட்டத்தின் வலது கீழ் மூலையில் சின்னச் சதுரம் தெரியும். அதை மவுஸால் பிடித்து சி6 வரை இழுத்து விடுங்கள். ஃபார்முலாவில் உள்ள பி எல்லாம் சி ஆக மாறிவிடும். 7, 8, 11, 12, 16, 19 ஆகிய ரோக்களிலும் இப்படியே இழுங்கள். கடைசியாக பி20இல் பி19இலிருந்து சி19ஐக் கழியுங்கள். கன்ட்ரோல் கீயுடன் எஸ் கீயைத் தட்டி, ஃபைலுக்குப் பெயர் கொடுத்து சேவ் செய்துவிடுங்கள்.

ஷீட் என்ன சொல்கிறது?

முதலில் 8ஆவது ரோவைப் பாருங்கள். பெட்ரோல் பிஸ்டன் ஐந்து ஆண்டில் 8,580 கிலோமீட்டர் நகர்கிறது. டீசல் பிஸ்டன் 7,872. டீசல் இன்ஜின் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகச் சுற்றினாலும், அதன் ஸ்ட்ரோக் நீளம் என்பதால் தேய்மானத் தூரத்தில் வித்தியாசம் சுமார் 8 சதவீதம்தான். "மெதுவாகச் சுற்றுவதால் டீசல் உழைக்கிறது" என்பது இந்த இரண்டு இன்ஜின்களைப் பொறுத்தவரை பாதி பதில்கூட இல்லை. கனமான கட்டமைப்புக்குத்தான் அந்தப் பெருமை சேர வேண்டும்.

அடுத்து 12ஆவது ரோ. மைத்துனரின் ஓட்டத்துக்குப் பெட்ரோல் இன்ஜினில் இன்னும் 25 ஆண்டு மீதி. டீசலில் 31 ஆண்டுக்கும் மேல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சொந்தக் காரின் ஆர்.சி. 15 ஆண்டுக்குத்தான். அதற்குப் பிறகு எஃப்.சி. காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். இன்ஜின் தேய்வதற்குள் தகரம் துருப்பிடிக்கும், ரப்பர் வெடிக்கும், ஒயரிங் தகராறு செய்யும். டீசல் தரும் கூடுதல் ஆறு ஆண்டை அவர் அனுபவிக்கவே போவதில்லை. அனுபவிக்காத ஆயுளுக்குத்தான் ஐம்பதாயிரம் அதிகம் கொடுக்கப் போகிறார்.

19ஆவது ரோவில் பெட்ரோலின் மொத்தச் செலவு 6,50,000. டீசல் 6,88,000. பி20இல் கழித்தல் குறியோடு 38000 வரும். டீசல் எடுத்தால் அவ்வளவு கூடுதல் செலவு என்று பொருள்.

இப்போது பி4இல் 6000ஐ அழித்துவிட்டு 24000 தட்டுங்கள். என்டர் தட்டிய நொடியில் ஷீட் முழுவதும் மாறுகிறதா? இது தம்பியின் கணக்கு. பெட்ரோல் 12,50,000, டீசல் 11,02,000. டீசலில் 1,48,000 மிச்சம். மீதி ஆயுள் பெட்ரோலில் 6.25 ஆண்டு, டீசலில் சுமார் 7.9 ஆண்டு. ஐந்து ஆண்டு ஓட்டிய பின்னும் டீசல் இன்ஜினில் கூடுதலாக உயிர் இருக்கும். இவ்வளவு ஓட்டினால் சர்வீஸ் செலவும் கூடும் என்பதால் 17ஆவது ரோவையும் உயர்த்திப் பாருங்கள். இரண்டு வண்டிக்கும் அதை இருமடங்காக்கினாலும் டீசலே முந்துகிறது.

ஒரே மாடல், ஒரே ஊர், ஒரே குடும்பம். அண்ணனுக்குப் பெட்ரோல், தம்பிக்கு டீசல். டீசலின் உழைப்பு உண்மைதான். ஆனால் அது ஓட்டுபவருக்கு மட்டுமே சொந்தம்.

எந்த இடத்தில் மாறுகிறது?

6,000க்கும் 24,000க்கும் நடுவில் எங்கோ இரண்டும் சமமாக வேண்டும் அல்லவா? அதைக் கண்டுபிடிக்க எக்ஸெல்லில் கோல் சீக் என்று ஒரு வசதி உண்டு. டேட்டா டேபில் வாட் இஃப் அனாலிசிஸ் என்பதைக் கிளிக் செய்தால் கோல் சீக் வரும். கால்க்கில் டூல்ஸ் மெனுவில் இருக்கிறது. வரும் சிறு பெட்டியில் மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் பி20ஐக் கொடுங்கள். இரண்டாவதில் 0 தட்டுங்கள். மூன்றாவதில் பி4ஐக் கொடுங்கள். "வித்தியாசம் பூஜ்யம் ஆகும்படி ஆண்டு ஓட்டத்தை மாற்று" என்று கட்டளையிடுகிறோம். ஓகே தட்டினால் பி4இல் சுமார் 9677 என்று வரும். நாளுக்கு 26, 27 கிலோமீட்டர். நான் போட்ட எண்களின்படி, அதற்குக் கீழே ஓட்டுபவர் பெட்ரோல் பக்கமும் மேலே ஓட்டுபவர் டீசல் பக்கமும் சாயலாம். உங்கள் எண்களைப் போட்டால் இந்த எல்லை நகரும். 18ஆவது ரோவில் டீசல் ரிப்பேரை 40000இலிருந்து 70000 ஆக்கி மறுபடி கோல் சீக் ஓட்டிப் பாருங்கள். எல்லை சுமார் 12,580க்கு ஏறிவிடும். ஒரே ஒரு ரிப்பேர் முடிவை எவ்வளவு புரட்டுகிறது என்பது புரியும்.

ஷீட்டுக்குத் தெரியாதவை

கம்ப்யூட்டர் நாம் கொடுப்பதை வைத்துத்தான் கணக்குப் போடும். வண்டியின் அருகில் போய்ப் பார்க்க அதற்குக் கண் இல்லை. அதை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

ஸ்டார்ட் செய்து ஓடவிட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தால் நீலப் புகை வருகிறதா? ஆயில் எரிகிறது என்று பொருள். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வெளியேறுகிறதா? பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். ஆயில் மாற்றியதற்கான சர்வீஸ் பில்கள் இருக்கின்றனவா? ஆயில் மாற்றாத டீசல் இன்ஜினைவிட ஒழுங்காக ஆயில் மாற்றிய பெட்ரோல் இன்ஜின் மேல்.

எப்படி ஓட்டப்போகிறீர்கள் என்பதும் முக்கியம். தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டி நிறுத்தினால் எந்த இன்ஜினும் சரியாகச் சூடாகாது, தேய்மானம் அதிகமாகும். பி.எஸ்.6 டீசல் காரில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஃபில்டரில் சேரும் கரி எரிந்து தீர, அவ்வப்போது நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓட வேண்டும். ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும்.

வீட்டுப் பாடம்

19ஆவது ரோவை முடிக்கும் முன் இன்னும் ஒரு ரோ சேர்க்கலாம். ஐந்து ஆண்டு கழித்து விற்றால் கிடைக்கும் தொகை அது. 19 என்ற எண்ணின் மேல் ரைட் கிளிக் செய்து இன்சர்ட் கொடுங்கள். புதிய ரோவில் அந்தத் தொகையைப் போட்டு, மொத்தச் செலவு ஃபார்முலாவின் கடைசியில் அதைக் கழித்துவிடுங்கள். மொத்தச் செலவு இப்போது 20ஆவது ரோவுக்கும், வித்தியாசம் 21ஆவது ரோவுக்கும் இறங்கியிருக்கும். ஃபார்முலாக்கள் தாமாகவே சரிசெய்துகொள்ளும்.

கடைக்காரர் புதிதாக ஒரு வண்டியைக் காட்டினால் ஃபைலைத் திறந்து நாலைந்து எண்களை மட்டும் மாற்றினால் போதும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், வீட்டில் எல்லோரும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பி4இல் என்ன எண் போடுவது என்று பேசி முடிவு செய்யுங்கள். உண்மையாக எவ்வளவு ஓட்டுவீர்களோ அதைப் போடுங்கள், ஆசைப்படுவதைப் போடாதீர்கள்.